மிச்சக் கோட்பாடு: மாட்ரிட் நகரின் நான்காம் மாடியொன்றில் ஸ்பானியச் சிவப்பு ஒயின் சுவைத்தது குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுக் கேள்வி எளியது. நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, ஆறு பாட்டில் சிவப்பு ஒயினை வரிசையாகத் திறந்து, மதிப்பெண் போட்டு, பின்னிரவில் எல்லாரையும் மாடிப்படி வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பினால், எந்தப் பாட்டிலில் மிச்சம் இருக்கும்? ஒயினைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை அடுக்கினால் இந்த வீட்டின் கூரை முட்டும். அத்தனையும் திறக்கிற பாட்டிலைப் பற்றியே பேசுகின்றன. மிஞ்சுகிற பாட்டிலைப் பற்றி எவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அந்த ஓட்டையை அடைப்பதே இக்கட்டுரையின் பயன் என்க.

அஃதேல், மிச்சத்தை ஆராய்வதால் உலகுக்கு ஆவதென்ன எனின், கல்யாண வீட்டில் எந்தப் பதார்த்தம் நன்றாக இருந்தது என்று அறிய விருந்தினரைக் கேட்பவர் ஏமாளி; பந்தி முடிந்தபின் இலையைப் பார்ப்பவரே அறிவாளி. இது எங்கள் ஊர்ச் சமையற்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த நுட்பம். அதைக் கடல் கடந்து கொண்டுவந்தது மட்டுமே இவ்வாசிரியரின் பங்களிப்பு.

முன்னோர் மொழிந்தவை

தமிழில் எழுதப்படும் எந்த ஆய்வும் சங்க காலத்தில் ஒரு காலை ஊன்றாமல் நிற்காது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரனார் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைக் குறிப்பிடுகிறார். 1945-இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது அத்தகைய கலங்களின் உடைந்த துண்டுகளும் வெளிவந்தன. அந்தத் தேறல் ஸ்பெயினிலிருந்து வந்தது என்று மட்டும் நிறுவிவிட்டால் இக்கட்டுரைக்கு முனைவர் பட்டமே கிடைத்துவிடும். ஆதாரம் கையில் இல்லாததால் அந்தப் பட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. ஆனால் அது சிவப்பாகத்தான் இருந்திருக்கும் என்று இவ்வாசிரியரின் உள்ளுணர்வு சொல்கிறது. மேற்கொண்டு கேட்கக் கூடாது.

ஸ்பானிய மரபில் இத்துறையின் மூலவர் சாஞ்சோ பான்சா. செர்வாந்தேசின் ‘தொன் கிஹோத்தே’ இரண்டாம் பாகம் வெளிவந்தது 1615-இல். அதன் 13-ஆம் அத்தியாயத்தில் சாஞ்சோ தன் தந்தைவழி முன்னோர் இருவரைப் பற்றிப் பெருமையடிக்கிறான். ஒரு பீப்பாய் ஒயினைச் சோதிக்க அவ்விருவரையும் அழைக்கிறார்கள். ஒருவர் நாக்கு நுனியில் தொட்டுவிட்டு இரும்புச் சுவை அடிக்கிறது என்கிறார். மற்றவர் மூக்கருகே கொண்டுபோனதோடு சரி. ஆட்டுத்தோல் வாசம் என்கிறார். உடைமைக்காரர் கோபிக்கிறார். பிறகு பீப்பாயைக் காலி செய்து கழுவும்போது அடியில் ஒரு சிறு சாவி கிடக்கிறது, தோல் வாரில் கட்டியபடி. 1757-இல் டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவாசிரியர், ரசனைக்கு அளவுகோல் உண்டா என்று ஆராய்ந்த கட்டுரையில் இக்கதையை எடுத்தாண்டு, நுட்பமான நாக்கு இருப்பது உண்மையே என்று முடிவுகட்டினார். ஹியூமும் செர்வாந்தேசும் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. சாவி தெரிய வேண்டுமானால் பீப்பாய் காலியாக வேண்டும். காலியாக்கியது யார்? குறை சொன்ன ஒயினை முழுதும் குடித்து முடித்தவர்கள் எவரோ, அவர்களே மிச்சக் கோட்பாட்டின் முதல் ஆய்வாளர்கள்.

மறுதரப்பும் உண்டு. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோ நகரில் ஒயின் கலை பயின்ற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வருணித்தார்கள். கண் பார்த்ததை மூக்கு வழிமொழிந்தது. தொழில் பழகுகிறவர்கள் கதியே இதுவென்றால், வாரக் கடைசியில் வருகிற நண்பர்கள் கதி என்ன என்பதை உய்த்துணர்க.

களமும் கருவியும்

களம்: மாட்ரிட்டில் லவாபியேஸ் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடி. காலம்: ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறுக என்று நூல்கள் சொல்கின்றன. அந்த அறை எந்த அறை என்பதில்தான் சிக்கல். அது பழங்காலத்துக் கல்வீடு. 16 முதல் 18 பாகை இருக்கும். எங்கள் கட்டடத்தில் வெப்பமூட்டி முழுக் கட்டடத்துக்கும் பொது. நிறுத்தும் திருகு எங்கே இருக்கிறதென்று கட்டடச் சங்கத் தலைவருக்கே தெரியாது. ஜனவரியில் எங்கள் கூடம் சித்திரை மாதத்து மதுரை. ஆகவே பாட்டில்கள் ஆறும் துவைத்த துணிகளுக்கு நடுவே பால்கனியில் இரண்டு மணிநேரம் நிறுத்திவைக்கப்பட்டன.

பாட்டில்களின் முகத்தை மறைக்க வேண்டும். அதற்குக் கம்பளிக் காலுறைகள் பயன்பட்டன. (துவைத்தவை. இந்தக் கேள்வி ஆய்வின் இடையில் மூன்று முறை எழுப்பப்பட்டதால் ஈண்டே பதில் தரப்படுகிறது.) ஆறில் ஒன்றான, ரியோஹா பகுதியின் கிரான் ரெசெர்வா பாட்டிலின் மேல் பொன்னிறக் கம்பிவலை போர்த்தியிருந்தது. காலிப் பாட்டிலில் மட்டமான சரக்கை நிரப்பி விற்கும் போலிகளைத் தடுக்க 19-ஆம் நூற்றாண்டில் வந்த வழக்கம் அது. இன்று வெறும் நகை. காலுறைக்கு வெளியிலிருந்தே விரலில் தட்டுப்படும் என்பதால் முன்கூட்டியே அதை வெட்டி எடுத்தேன். வெட்டும்போது விரலும் கிழிந்தது. இந்த ஆய்வில் சிந்திய முதல் சிவப்பு அதுவே.

ஒவ்வொரு காலுறையிலும் ஓர் அடையாளம் வேண்டும். எண் போட்டால் ஒன்றாம் எண் உயர்ந்தது என்ற மயக்கம் வரும். லத்தீன் எழுத்துப் போட்டால் விருந்தினர் ஏதாவது குறிப்பு உணர்ந்துவிடுவார்கள். எனவே அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று தமிழ் உயிரெழுத்துகளை ஒட்டினேன். இதைவிடப் பாதுகாப்பான மறைகுறி ஐரோப்பாவில் கிடையாது என்று அப்போது நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு பெரிய பிழை என்பது பின்னர்.

கடைசியாக, மாவு நிறுக்கும் சமையலறைத் தராசு ஒன்று. காலுறை அணிவிக்குமுன் ஒவ்வொரு பாட்டிலும் நிறுக்கப்பட்டு எடை குறித்துவைக்கப்பட்டது. ஒயின் ஒரு மில்லிலிட்டர் ஏறக்குறைய ஒரு கிராம். கழித்தல் தெரிந்தால் போதும். இத்தராசைப் பற்றி விருந்தினருக்குச் சொல்லவில்லை.

ஆய்வுக்கு உட்பட்டோர்

ஆய்வறம் கருதிப் பெயர்கள் மறைக்கப்படுகின்றன. அனைவரும் என் வாசல் மணியை அழுத்தும் தூரத்தில் வசிக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

ரியோஹாக்காரர் ஒருவர், ஆரோ நகரத்தவர், பள்ளியில் வரலாறு கற்பிப்பவர். வயாதோலித் நகரத்துச் செவிலியர் ஒருவர். ரெயுஸ் ஊரைச் சேர்ந்த கட்டலான் மருந்துக்கடைக்காரர் ஒருவர். சொட்டுக் கணக்கில் சிந்திப்பவர். அஸ்தூரியாஸ் மலைநாட்டிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர். எங்கள் நேர் கீழ்வீட்டில் தனியே வசிக்கும் எண்பது வயதுப் பாட்டி. பிறந்த ஊர் லா மான்சா சமவெளியின் வால்டேபென்யாஸ். வயதில் இளையவர் எவராயினும் ‘மகனே’ என்றே அழைப்பார். ஆறாவது, கணினி வேலைக்கு வந்த தூத்துக்குடித் தம்பி. கையில் மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். என்னையும் சேர்த்து எழுவர். ஆளுக்கு 50 மி.லி. என்றால் ஒரு சுற்றுக்கு 350 மி.லி.; 750 மி.லி. பாட்டிலில் 400 மிஞ்சும். முதற்கட்டத்தில் அளந்து ஊற்றுவது, இரண்டாம் கட்டத்தில் அவரவர் விருப்பம். மிச்சக் கோட்பாட்டின் உயிர் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பெயினில் ‘ஒயின் பிடிக்குமா’ என்று கேட்பதும் ‘உங்கள் ஊர் எது’ என்று கேட்பதும் ஒரே கேள்வி. உலகில் திராட்சைக்கு மிகுதியான நிலம் ஒதுக்கிய நாடு அது; ஆனால் ஸ்பானிய ஒயின் என்ற ஒன்றை எவரும் குடித்ததில்லை. அவரவர் ஊர் ஒயினைக் குடிக்கிறார்கள். மற்ற ஊர் ஒயினைப் பொறுத்துக்கொள்கிறார்கள். இதற்குத் திராட்சையும் உடந்தை. நாட்டின் பேர்போன செந்திராட்சை டெம்ப்ரனியோ. மற்றவற்றுக்கு முந்திப் பழுப்பதால், ‘சீக்கிரம்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். ரியோஹாவில்தான் அந்தப் பெயர். ரிபெரா தெல் துவேரோவில் அதே திராட்சை ‘திந்தோ ஃபினோ’; லா மான்சாவில் ‘சென்சிபெல்’; கட்டலோனியாவில் முயல்கண் என்று பொருள்படும் பெயர்; எல்லை தாண்டிப் போர்ச்சுகலுக்குப் போனால் ‘திந்தா ரொரிஷ்’. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் என்று வாழும் எங்கள் சித்தப்பா ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவரும் எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்பவரே.

பாலாடைக்கட்டித் தடையும் அதன் வீழ்ச்சியும்

‘பாலாடைக்கட்டியோடு கொடுத்து ஏமாற்றிவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்’ என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் ஒரு வழக்கு உண்டு. ஒயின் வாங்க வருகிறவருக்கு முதலில் காரசாரமான மான்செகோ பாலாடைக்கட்டித் துண்டுகளைத் தின்னக் கொடுத்து, நாக்கை மழுங்கடித்து, புளித்துப்போன பீப்பாயைத் தலையில் கட்டிவிடுவார்களாம் லா மான்சா வியாபாரிகள்; அதிலிருந்து வந்த வழக்கு என்று கதை சொல்வார்கள். கொழுப்பும் புரதமும் ஒயினின் துவர்ப்பை மட்டுப்படுத்தும் என்பதால் கதையில் வேதியியலும் இருக்கிறது. எனவே ஆறு பாட்டிலும் முடியும்வரை பாலாடைக்கட்டியும் உலர்த்திய பன்றித்தொடையும் உருளைக்கிழங்கு முட்டையடையும் சமையலறையில் பூட்டப்பட்டன. மேசையில் வெறும் ரொட்டியும் தண்ணீரும்.

இரவு ஒன்பதரைக்கு ஸ்பானியரை அழைத்து வெறும் ரொட்டி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை இவ்வாசிரியர் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும். இரண்டாம் பாட்டில் முடிவதற்குள் செவிலியர் சமையலறைக் கதவருகே உலாவத் தொடங்கினார். மூன்றாவதில் தம்பி மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தார். காராபூந்திக்கு எதிராக எந்த ஒயினும் நின்றதாக வரலாறு இல்லை. நான்காவதில் பாட்டி, “மகனே, பசியோடு குடிப்பது ஒயின் அல்ல, மருந்து” என்று சொல்லிவிட்டு, தாமே எழுந்துபோய் முட்டையடையை எடுத்துவந்து நடுமேசையில் வைத்தார். அத்துடன் கட்டுப்பாட்டுச் சூழல் முடிவுற்றது.

துப்பும் கலம் பற்றியும் ஈண்டுச் சொல்லவேண்டும். தொழில்முறைச் சுவைஞர்கள் விழுங்குவதில்லை. வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள். வெற்றிலை போட்ட பரம்பரையில் வந்தவனுக்குப் படிக்கம் புதிதல்ல. பித்தளையில் கிடைக்காததால் எனாமல் வாளி ஒன்றை வைத்தேன். ஆரோ நகரத்தவர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அவர் ஊரில் ஆண்டுதோறும் ஜூன் 29-ஆம் நாள், புனித பேதுரு திருநாளில், ஊரே மலையேறி ஒருவர் மேல் ஒருவர் ஒயினை வாளி வாளியாக ஊற்றிக்கொள்ளும். “ஒயினை எறிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாயில் வாங்கியபின் எறிவதுதான் அநாகரிகம்” என்றார். அன்றிரவு வாளி காய்ந்தே கிடந்தது.

நோக்கியவை

அ. பியெர்சோ மலைப்பகுதியின் மென்சியா திராட்சை. வடமேற்கு ஸ்பெயினின் மெல்லிய, மணமான ரகம். முதற் பாட்டில் என்பதால் எல்லாரும் மரியாதையாக மூக்கை நுழைத்தார்கள். மழைக்குப் பிந்தைய காடு, ஈரச் சருகு, காளான் என்று மதிப்பீட்டுத் தாள்கள் நிரம்பின. வரலாற்றாசிரியர் ‘மடாலயத்து நிலவறை’ என்று எழுதினார். தம்பி என் காதருகே குனிந்து, “அண்ணாச்சி, சொன்னா தப்பா எடுத்துக்காதீய. இது ரேஷன் கடைச் சாக்கு மழையில நனைஞ்ச வாசம்லா” என்றார். மருந்துக்கடைக்காரர் அதே நொடியில் கோப்பையைக் கீழே வைத்து, “தக்கை” என்றார்.

தம்பியே சரி. தக்கையில் சில பூஞ்சைகளால் உண்டாகும் டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் கலந்தாலே ஒயின் நனைந்த அட்டைப்பெட்டியாகிவிடும். உடலுக்குக் கெடுதி இல்லை. சுவைஞரின் மானத்துக்குத்தான் கெடுதி. நான்கு பேர் தம் தாள்களில் ‘காடு’ என்ற சொல்லை அடித்தார்கள். பியெர்சோவின் மீது பழியில்லை, தக்கையின் மீதே என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்து பாட்டில் ஒதுக்கிவைக்கப்பட்டது.

ஆ. அரகோன் பகுதியின் கர்னாச்சா. இனிமையாக இருந்தது, எவருக்கும் சண்டையில்லை, எனவே ஆய்வுக்கு இதனால் பயனும் இல்லை.

இ. கட்டுப்பாட்டு மாதிரி. தெருமுனைப் பல்பொருள் அங்காடியில் மூன்று யூரோ கொடுத்து வாங்கிய வால்டேபென்யாஸ். மரப்பீப்பாயின் முகத்தையே பார்க்காத இளம் ஒயின். இதை நான் ஒளித்துவைத்த கண்ணிவெடி என்று கொள்க. விருந்தினர் எழுதியவை மிகக் குறைவு. பாட்டியின் தாளில் ஒரே சொல்: ‘ஒயின்’.

ஈ. ரியோஹா கிரான் ரெசெர்வா. ரியோஹாவில் இப்பெயர் தாங்க ஐந்தாண்டு கிடக்க வேண்டும். அதில் குறைந்தது இரண்டாண்டு 225 லிட்டர் ஓக் பீப்பாயில். ரெசெர்வாவுக்கு மூன்றாண்டு, கிரியான்சாவுக்கு இரண்டாண்டு, இரண்டுக்கும் அதில் ஓராண்டேனும் மரத்தில். மரபான ரியோஹாக்காரர்கள் அமெரிக்க ஓக்கை விரும்புவார்கள். இதன் விளைவை யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் ஊரில் என் பாட்டி வீட்டுப் பரணில் ஏறி நின்றது போல் ஆயிற்று. “கொப்பரை!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். தம்பியும், “ஆமா, செக்குக்குக் கொண்டுபோற கொப்பரை” என்றார். மொழிபெயர்த்துச் சொன்னதும் மருந்துக்கடைக்காரர் எழுந்து என் கையைக் குலுக்கினார். அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்ற சேர்மம் மிகுதி. தேங்காய் மணத்தைத் தருவது அதுவே. ஒயினைப் பற்றி இவ்வாசிரியர் வாழ்நாளில் சொன்ன சரியான சொல் அது ஒன்றே.

உ. ரிபெரா தெல் துவேரோ, செவிலியரின் வயாதோலித் பக்கத்தது. கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் அளவில் பரந்த மேட்டுநிலம். பகல் கொதிக்கும், இரவு நடுக்கும். அதே டெம்ப்ரனியோ இங்கே முரட்டுத்தோலும் முழுநிறமும் கொள்ளும். ஆரோ நகரத்து வரலாற்றாசிரியர் இதை ஒரு மிடறு குடித்துக் கண்மூடி, “வீட்டுக்கு வந்துவிட்டேன். இது எங்கள் ரியோஹா” என்றார். முந்தைய பாட்டிலுக்கு அவர் ‘களைத்தது, அநேகமாக வயாதோலித் பக்கம்’ என்று எழுதியிருந்தார். செவிலியர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். ஆனால் அவரும் முந்தையதைத்தான் தம் ஊர் என்று நினைத்திருந்தார். காலுறை கழன்றபின் இருவரும் ‘எப்படியும் ஒரே திராட்சைதானே’ என்ற சமாதானத்துக்கு வந்தார்கள். அதுவரை அவர்கள் இருவரும் அதை ஒப்புக்கொண்டதில்லை.

ஊ. பிரியோராத். கருஞ்சிவப்பு, 15 விழுக்காடு சாராயம், லிகொரெல்யா என்ற கரும்பலகைக்கல் சரிவில் வேர்விட்ட பழங்கொடிகளின் சாறு. ஸ்பெயினின் ஒயின் சட்டத்தில் மிக உயர்ந்த தகுதியை 1991-இல் முதலில் பெற்றது ரியோஹா. அதன்பின் அத்தகுதி பெற்ற பகுதி இது ஒன்றே. பாட்டிலே ஒரு கிரைண்டர் குழவி போல் கனத்தது. இதன் முன் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். தாள்களில் சொற்கள் வழிந்தன: கிராஃபைட், அத்தி, அதிமதுரம், வெயிலில் சுட்ட கல். தம்பி நாக்கை நீட்டிக் காட்டினார், நீலம் பாரித்திருந்தது. “நவ்வாப்பழம்லா இது!” அந்தப் பழத்தை மற்றவர்களுக்கு விளக்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

இங்கே ஓர் இடைப்பிறவரல். மேற்கத்திய அறிவியலின் அடிப்படைச் சுவைப் பட்டியலில் துவர்ப்பு இல்லை. அது சுவையல்ல, தொடுவுணர்ச்சி என்பது அவர்கள் துணிபு. திராட்சைத் தோலிலும் விதையிலும் மரத்திலும் உள்ள டானின்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக் கட்டியாக்குவதால் வாயின் வழுவழுப்புப் போய்விடுகிறது. அதுவே இறுக்கமாகத் தெரிகிறது. காரணம் சரியே. ஆனால் அறுசுவையில் அதற்கொரு நாற்காலி போட்டு உட்காரவைத்த மரபில் வந்தவனுக்கு அதைப் பற்றிப் பேசச் சொல் தேட வேண்டியதில்லை. ஆ வாழைப்பூ, உ கொட்டைப்பாக்கு, ஊ கடுக்காய். மூன்றும் துவர்ப்பு, மூன்றும் வேறு. என் தாளில் இப்படித்தான் எழுதினேன். மாட்ரிட்டில் அதைச் சரிபார்க்க ஆளில்லாததால் என் மதிப்பீடு இன்றுவரை மறுக்கப்படவில்லை.

இகர ஈகாரச் சிக்கல்

மதிப்பெண்ணுக்கு 100 புள்ளி முறை. இதைப் பரப்பியவர் அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர். அவர் அளவுகோல் 50-இல்தான் தொடங்கும். பாட்டிலுக்குள் ஏதோ இருந்தாலே பாதி மதிப்பெண். எங்கள் கணக்கு வாத்தியார் இதைக் கேள்விப்படாமலே ஓய்வுபெற்றார்.

தாள்களில் எழுதப் பொறுமையற்றவர்கள் மதிப்பெண்ணை வாய்மொழியாகச் சொல்லலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. ஆய்வு குடை சாய்ந்தது அங்கேதான். ஸ்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்தே. அவற்றில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. அ, ஆ இரண்டும் அவர்கள் காதுக்கு ஒன்று. இ, ஈ ஒன்று. உ, ஊ ஒன்று. ஓட்டுநர் உற்சாகமாக, “இ-க்குத் தொண்ணூற்றிரண்டு!” என்று கூவியபோது, அது மூன்று யூரோ வால்டேபென்யாஸா, ஐந்தாண்டு தவம் கிடந்த கிரான் ரெசெர்வாவா? கேட்டேன். “இ” என்றார். நெடிலா குறிலா என்று கேட்டேன். “இரண்டும்தான்” என்றார். மாத்திரை என்ற கருத்தைக் கைநொடித்து விளக்கினேன். அதைத் தாளம் என்று எண்ணி எல்லாரும் சேர்ந்து கைநொடிக்கத் தொடங்கினார்கள். பாட்டி பாடவே ஆரம்பித்துவிட்டார்.

எழுத்து வடிவம் கைகொடுக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. உ, ஊ இரண்டையும் அவர்கள் ‘வாத்து’, ‘குஞ்சோடு வாத்து’ என்று பிரித்தறிந்தது உண்மை. இந்த ஒரு இணை மட்டும் பிழைத்தது. பிரியோராத் சராசரியில் முதலிடம் பெற்றது என்று உறுதியாகச் சொல்ல முடிவது அதனால்தான். ஆனால் நாலாவது கோப்பைக்குப் பிறகு வாத்துக்கும் குஞ்சு பொரிந்திருக்கலாம்.

ஆக, மதிப்பெண் முறை மூன்று யூரோவையும் கிரான் ரெசெர்வாவையும் ஒரே தட்டில் உட்காரவைத்துவிட்டது. எஞ்சியிருந்த ஒரே சாட்சி, எவருக்கும் தெரியாமல் அலமாரியில் காத்திருந்த தராசு.

இரண்டாம் கட்டம்

மதிப்பீட்டுத் தாள்கள் மடிக்கப்பட்டன, காலுறைகள் கழன்றன. உணவு முடிந்தும் மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு ஸ்பானிய மொழியில் சோப்ரெமெசா என்று பெயர். கை காயக் காயப் பேசுவது என்று நாம் சொல்வோமே, அதேதான். அவர்களுக்குக் காய்வதற்குக் கை இல்லை, அவ்வளவே.

கட்டலான் நண்பர் தம் பையிலிருந்து பொரோன் ஒன்றை எடுத்தார். நீண்ட மூக்குள்ள கண்ணாடிக் கெண்டி. உதட்டில் படாமல் உயரத்தில் தூக்கி, நூல் போல் விழும் ஒயினை வாயில் வாங்க வேண்டும். வெளியூர்க்காரர் சட்டையை நனைப்பதைப் பார்ப்பது அவர்களுக்கு ஓர் ஆனந்தம். எச்சில் படக்கூடாதென்று செம்பை அண்ணாந்து கவிழ்த்தே வளர்ந்த எங்கள் இருவரிடம் அதைக் கொடுத்தார் பாவம். தம்பி ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து, மிச்சத்தை நீட்டி, “இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்றார். ஓட்டுநர் தம் ஊர் ஆப்பிள் மதுவைத் தலைக்கு மேலிருந்து இடுப்பளவில் பிடித்த கோப்பையில் ஊற்றுவது போல் பிரியோராத்தை ஊற்றிக் காட்டினார். காற்றுப் பட்டால் இறுகிய ஒயின் இளகும் என்பது விதி. நான் இரண்டு டம்ளரில் அதை ஒரு கஜம் நீட்டி டீ ஆற்றுவது போல் ஆற்றினேன். துவர்ப்பு உண்மையிலேயே கொஞ்சம் தணிந்தது. கிரான் ரெசெர்வாவையும் ஆற்றப் போனபோது வரலாற்றாசிரியர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முதிய ஒயினை அப்படி அலைக்கழித்தால் இருக்கிற மணமும் ஓடிவிடுமாம்.

ஒதுக்கிவைத்த பியெர்சோவை என்ன செய்வது? 1972-இல் பாஸ்க் நாட்டின் அல்கோர்த்தா ஊர்த் திருவிழாவுக்கு வாங்கிய ஒயின் கெட்டுப்போக, இளைஞர்கள் அதில் கோலா கலந்து விற்றார்கள். கலிமோச்சோ என்ற பெயர் அன்றுதான் பிறந்தது. அந்த வழிகாட்டுதலின்படி பனிக்கட்டியும் கோலாவும் வந்தன. ரேஷன் கடைச் சாக்கு அதில் எங்கோ கரைந்துபோயிற்று.

இரவு இரண்டரைக்குக் கடைசி விருந்தினர் படியிறங்கினார். தராசு வெளியே வந்தது.

ஊ, சராசரியில் முதலிடம்: மிச்சம் 310 மி.லி. ஈ: 230. ஆ: 140. உ: 90. அ, கெட்டுப்போனது: ஒன்றுமில்லை. இ, மூன்று யூரோ: ஒன்றுமில்லை. பாட்டிலைக் கவிழ்த்துக் குலுக்கினேன்; காலுறையின் நூல் ஒன்று விழுந்தது.

ஏன் என்பதற்கு மூன்று விளக்கங்கள் பரிசீலிக்கப்பட்டன. இ பாட்டில் பாட்டியின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்பது இடவியல் விளக்கம். முட்டையடைக்கு இளம் ஒயினே பொருந்தும், பிரியோராத்துக்கு எதிரே முட்டை நிற்காது என்பது உணவியல் விளக்கம். மூன்றாவதே இவ்வாசிரியருக்கு உவப்பானது. பிரியோராத்தை ஊற்றிக்கொண்டவர் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. எதிரே இருப்பவர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தார்கள். இ-யை ஊற்றிக்கொண்டவர் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். ஓட்டுநரின் முதல் பேருந்து, செவிலியரின் இரவுப்பணி, பாட்டியின் ஊரில் மண்ணாலான பெருந்தாழிகளில் ஒயின் புளித்த காலம், அவர் கணவர் ஏணி வைத்துத் தாழிக்குள் இறங்கிக் கழுவியது எல்லாம் இ-யின் துணையோடு வந்தவை. அக்கதைகளுக்கு எவரும் மதிப்பெண் போடவில்லை.

இவ்விளக்கத்துக்கு ஒரு மறுப்பும் உண்டு. மலிவானதைத் தாராளமாக ஊற்றுவதும் விலையுயர்ந்ததை விருந்தளிப்பவனுக்கு விட்டுவைப்பதும் வெறும் நாகரிகமாக இருக்கலாம். கோலாவில் கரைந்த அ இந்த மறுப்பைத் தாங்குமா தகர்க்குமா என்பதில் என் கருத்து நாளுக்கொன்றாக மாறுகிறது.

பிற்சேர்க்கையாக ஒரு செய்தி. மறுநாள் காலை பாட்டி படியேறி வந்து, அந்தத் தேங்காய் மணக்கும் பாட்டிலில் ஏதாவது மிச்சமுண்டா என்று கேட்டார். 230 மி.லி. கிரான் ரெசெர்வாவைக் கையோடு கொண்டுபோனார். மாலையில் பாட்டியோடு மூடிபோட்ட பாத்திரத்தில் பேரிக்காய்கள் வந்தன; பட்டையும் எலுமிச்சைத் தோலும் சர்க்கரையும் போட்டு அந்த ஒயினில் வேகவைத்தவை. மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க வரலாற்றாசிரியரும் அந்நேரம் பார்த்து வந்தார். உட்காரச் சொல்லி ஒரு கிண்ணம் கொடுத்தோம். முதல் கரண்டி வாயில் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது ரியோஹா” என்றார். “சந்தேகமே இல்லை.”

பாட்டி என்னைப் பார்த்தார். எந்தப் பாட்டில் என்று வரலாற்றாசிரியர் கேட்கவில்லை; இரண்டாவது கிண்ணம் கேட்டார்.